எல்லையோர பங்கர்கள்: காற்றும் உலர்வும் கணக்கில் வருமா?

ஒரே ஆண்டில், ஒரே நிலப்பரப்பின் மீது இரண்டு ஆபத்துகள் இறங்கின. 2025 மே மாதம் ஜம்மு வட்டாரத்தின் எல்லையோர ஊர்கள் மீது பீரங்கிக் குண்டுகள் விழுந்தன. மூன்று மாதம் கழித்து, ஆகஸ்ட் கடைசியில் கொட்டிய பெருமழையில் தாவி நதி கரைபுரண்டது. எல்லையை ஒட்டிய சமவெளியின் வயல்களும் வீடுகளும் நீரில் மூழ்கின. முதல் ஆபத்துக்காக மண்ணுக்கடியில் கட்டிய பங்கர், இரண்டாவது ஆபத்தில் குளமாகிவிட்டால், அடுத்த முறை அங்கே யார் ஓடுவார்கள்? எல்லையில் இன்னும் பல பங்கர்கள் கட்ட வேண்டும் என்ற குரல் வலுத்திருக்கும் இந்த நேரத்தில் கேட்டாக வேண்டிய கேள்வி இது.

பங்கர்கள் வேண்டுமா என்பதில் விவாதமே இல்லை. 2025 மே 7 அன்று தொடங்கிய குண்டுவீச்சில் பூஞ்ச் மாவட்டத்தில் மட்டும் பத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் உயிரிழந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு. மலைகள் சூழ்ந்த கிண்ணத்துக்குள் இருக்கும் பூஞ்ச் நகரத்தில், ஓடி ஒளிய இடமில்லாமல் போனதே பெரும் குறையாகப் பேசப்பட்டது. பங்கர் இருந்த கிராமங்களில் பலர் உயிர் தப்பினார்கள் என்பதும் உண்மை.

எனவே, கட்டட்டும், நிறையவே கட்டட்டும். ஆனால், எப்படிப்பட்ட பங்கர்களைக் கட்டுவது என்பதை எத்தனை கட்டினோம் என்ற எண்ணிக்கை விழுங்கிவிடக் கூடாது.

எண்ணிக்கை சொல்லாத கதை

2017 டிசம்பரில் ஜம்மு, கதுவா, சாம்பா, ரஜௌரி, பூஞ்ச் ஆகிய ஐந்து மாவட்டங்களுக்கு 14,460 பங்கர்கள் கட்ட மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. ஒதுக்கீடு ரூ.415.73 கோடி. இவற்றில் 13,029 வீட்டு பங்கர்கள், 1,431 சமுதாய பங்கர்கள். வீட்டு பங்கர் 160 சதுர அடி, எட்டுப் பேருக்கு. சமுதாய பங்கர் 800 சதுர அடி, நாற்பது பேருக்கு. இரண்டிலுமே ஆளுக்கு 20 சதுர அடி, அதாவது ஒருவர் படுத்துப் புரளும் இடம்.

சராசரியாகப் பார்த்தால் ஒரு பங்கருக்கு ரூ.3 லட்சத்துக்கும் குறைவு. மலையுச்சி ஊர்களுக்குச் சிமென்டும் கம்பியும் கொண்டுசேர்க்கும் செலவும் அதற்குள்தான் அடங்க வேண்டும். இப்படிப்பட்ட திட்டத்தில் முதலில் வெட்டுப்படுவது கண்ணுக்குத் தெரியாத வேலைகள்: சுவரின் வெளிப்புற நீர்காப்புப் பூச்சு, அடியில் போட வேண்டிய வடிகால் குழாய், காற்றுக் குழாய். சுவரும் கூரையும் நின்றுவிட்டால் புகைப்படம் எடுத்துவிடலாம். பில் தொகையும் வந்துவிடும். வடிகால் இல்லை என்பது முதல் மழைக்குப் பிறகுதான் தெரியும்.

2021 பிப்ரவரியில் இந்திய, பாகிஸ்தான் ராணுவங்கள் சண்டைநிறுத்தத்தை மீண்டும் கடைப்பிடிக்க ஒப்புக்கொண்டன. எல்லை அமைதியானது, பங்கர்கள் மறக்கப்பட்டன. சில வைக்கோலும் தட்டுமுட்டுச் சாமான்களும் அடையும் கிடங்குகளாயின. சிலவற்றில் தண்ணீர் தேங்கியது. 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் பயங்கரவாதிகள் சுற்றுலாப் பயணிகளைச் சுட்டுக் கொன்றதும், ஜம்மு எல்லை விவசாயிகள் இரண்டு வேலைகளை அவசரமாகச் செய்தார்கள். கோதுமையை அறுத்து வீடு சேர்த்தார்கள். பங்கர்களைத் திறந்து துப்புரவு செய்தார்கள். தண்ணீர், இருட்டு, பூச்சிபொட்டு, கழிப்பறை இன்மை எனப் புகார்கள் அப்போதுதான் செய்திகளாக வெளிவந்தன.

நான்கு ஆண்டு அமைதி கிடைத்தது. அந்த நான்கு ஆண்டில் பங்கர்களைப் பராமரிக்க வேண்டியது யார் என்ற கேள்விக்குத் தெளிவான பதில் இருந்திருந்தால், அந்தக் கடைசி நேரப் பதற்றம் தேவைப்பட்டிருக்காது.

தண்ணீர் மூன்று வழிகளில் வரும்

மண்ணுக்கடியில் கட்டும் எந்த அறைக்கும் தண்ணீர் மூன்று வழிகளில் வருகிறது. மூன்றுக்கும் மருந்து வெவ்வேறு.

முதலாவது, மேலிருந்து. மழைநீர் படிக்கட்டு வழியாக நேராக உள்ளே இறங்கும். இதைத் தடுப்பது மிக எளிது. படியின் தலைவாசலில் தரைமட்டத்துக்கு மேலே ஒன்றரை அடி உயரத்துக்கு ஒரு தடுப்புப் படி, அதன்மேல் ஒரு கூரை, சுற்றிலும் நீர் வெளிநோக்கி ஓடும்படி சரிவான தளம். இவ்வளவுதான். ஆனால், இதையே செய்யாமல் விட்ட பங்கர்கள் உண்டு.

இரண்டாவது, பக்கவாட்டிலும் அடியிலும் இருந்து. ஆர்.எஸ்.புரா, அர்னியா போன்ற ஊர்கள் பாசுமதி விளையும் கால்வாய்ப் பாசனப் பூமி. வயலில் நீர் நிற்கும் மாதங்களில் நிலத்தடி நீர் மேலே ஏறும். ஏறிய நீர் சுவரையும் தரையையும் நெருக்கும். கலவை சரியாக இறுகாமல் பொத்தலாக நிற்கும் இடம், நேற்றுப் போட்ட காங்கிரீட்டும் இன்று போட்டதும் சேரும் இணைப்பு, தரையும் சுவரும் சந்திக்கும் மூலை ஆகியவற்றின் வழியே அது கசிந்து உள்ளே வரும்.

இதற்கு உட்புறம் பூச்சு பூசுவது ஏமாற்று வேலை. நீரின் அழுத்தம் வெளியிலிருந்து வருகிறது. பூச்சைத் தள்ளி உதிர்த்துவிடும். மண்ணை நிரப்புவதற்கு முன்பே சுவரின் வெளிப்பக்கம் நீர்காப்பு அடுக்கு போட வேண்டும். அதை ஒட்டி ஜல்லி நிரப்பி, அடிமட்டத்தில் துளையிட்ட குழாய் பதித்து, நீரைத் தாழ்வான இடத்துக்கு வடிக்க வேண்டும். வடிக்கத் தாழ்வான இடமே இல்லாத சமவெளியில், தரையின் ஒரு மூலையில் சிறு தொட்டி கட்டி, அதில் சேரும் நீரைப் பம்பால் இறைக்க வழி வேண்டும்.

இதில் பலர் யோசிக்காத ஒன்று உண்டு. நீர் ஊறிய மண்ணுக்குள் இருக்கும் காலியான காங்கிரீட் பெட்டி மிதக்கப் பார்க்கும். 160 சதுர அடித் தரைக்கு மேலே நிலத்தடி நீர் 2 மீட்டர் ஏறினால், அந்தத் தரையை மேல்நோக்கித் தள்ளும் விசை சுமார் 30 டன். தரைத்தளம் மெலிதாக இருந்தால் விரிசல் விடும். பெட்டியின் எடை குறைவென்றால் மொத்தமும் எழும்பிச் சாயும். ஆகவே, கூரையின் வலிமையைப் போலவே தரையின் வலிமையும் முக்கியம்.

மூன்றாவது வழியை யாரும் தண்ணீர் என்றே நினைப்பதில்லை. அது காற்றிலிருந்து வருகிறது. மழைக்காலத்தில் வெளிக்காற்று ஈரம் சுமந்து வரும். மண்ணின் குளுமையில் இருக்கும் சுவரில் அது படும்போது, குளிர்ந்த நீர் நிரம்பிய செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல் சுவர் வியர்க்கும். ஒரு சொட்டுக் கசிவுகூட இல்லாத பங்கரிலும் இதனால் பூஞ்சணம் படரும். வைத்த போர்வை நனையும். மின் இணைப்புகள் துருவேறும்.

உள்ளே இருக்கும் மனிதர்களும் ஈரம் தருகிறார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மூச்சாலும் வியர்வையாலும் மணிக்கு ஏறத்தாழ 50 மில்லி நீரைக் காற்றில் சேர்க்கிறார். எட்டுப் பேர் பத்து மணி நேரம் இருந்தால் 4 லிட்டர். அது வெளியேற வழியில்லை என்றால் சுவரில்தான் படியும்.

மூச்சுக் கணக்கு

ஈரம் பங்கரை மெல்லப் பாழாக்கும். காற்றோட்டக் குறை ஒரே இரவில் ஆளைச் சாய்க்கும்.

மூடிய அறையில் பிராணவாயு தீர்ந்துதான் ஆள் மயங்குவார் என்று பொதுவாக நினைக்கிறோம். அதற்கு முன்பே நாம் வெளிவிடும் கரியமில வாயு வேலையைக் காட்டிவிடும். திறந்த வெளியில் அது காற்றில் 0.04 சதவீதம்தான். 2, 3 சதவீதத்தை எட்டினால் தலைவலி, மூச்சு வாங்கல், எரிச்சல். 5 சதவீதத்தில் தலைசுற்றல், குழப்பம். அதையும் தாண்டினால் நினைவு தப்பும்.

எட்டுப் பேருக்கான 160 சதுர அடி பங்கரின் உயரம் 7 அடி என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் காற்று சுமார் 32,000 லிட்டர். அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்கு ஏறக்குறைய 18 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். எட்டுப் பேர் 144 லிட்டர். எல்லாத் துவாரங்களும் அடைபட்டிருந்தால் நாலரை மணி நேரத்தில் அது 2 சதவீதத்தைத் தொடும். ஏழு மணி நேரத்தில் 3 சதவீதத்தைத் தாண்டும்.

ஆனால், குண்டு விழும் இரவில் யாரும் எட்டுப் பேரை எண்ணிக் கதவை மூடுவதில்லை. அண்டை வீட்டாரும் வருவார்கள், வரவேண்டும். அதே பங்கரில் இருபது பேர் நெருக்கினால் மூன்று மணி நேரத்துக்குள் 3 சதவீதம். எல்லையில் குண்டுவீச்சு இரவு முழுவதும் நீடிப்பது வழக்கம். மூச்சு முட்டியதும் மக்கள் என்ன செய்வார்கள்? கதவைத் திறப்பார்கள், வெளியே வருவார்கள். எந்த ஆபத்திலிருந்து தப்ப உள்ளே போனார்களோ, அதற்கே உடலைக் காட்டுவார்கள்.

இரண்டு குழாய், ஒரு விசிறி

இதற்கான தீர்வு பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை. எதிரெதிர் முனைகளில் ஆறு அங்குலக் குழாய்கள் இரண்டு. ஒன்று வெளிக்காற்றைத் தரையருகே கொண்டுவந்து விட வேண்டும். மற்றது கூரையருகே இருந்து சூடான காற்றை வெளியேற்ற வேண்டும். குழாயின் வெளி வாயைக் கீழ்நோக்கி வளைத்து, கம்பிவலை போட்டால் மழையும் எலியும் பாம்பும் வராது. குண்டுச் சிதறல் நேராகப் பாயாதபடி முன்னால் ஒரு சிறு தடுப்புச் சுவர் எழுப்ப வேண்டும்.

குழாய் இருந்தால் காற்று தானாக ஓடும் என்று நம்பிவிடவும் கூடாது. குளிர்காலத்தில் பங்கருக்குள் வெளியைவிட வெதுவெதுப்பு. சூடான காற்று மேலெழுந்து போக, புதுக் காற்று உள்ளே வரும். மே மாதப் பகலில் நிலைமை வேறு. வெளிக்காற்று கொதிக்கிறது, உள்ளே குளுமை. அந்த ஓட்டம் நின்றுபோகும். அப்போது விசிறி வேண்டும்.

சுவிட்சர்லாந்தின் பாதுகாப்பறை விதிகள் சாதாரண நேரத்தில் ஆளுக்கு மணிக்கு 6 கன மீட்டர் காற்று கேட்கின்றன. எட்டுப் பேருக்கு 48 கன மீட்டர். சிறு சூரியத் தகடும் மின்கலமும் ஓட்டும் 12 வோல்ட் விசிறி ஒன்றே இதைத் தரும். ஆனால், இது மூச்சுக்கான அளவு மட்டுமே. எட்டு உடல்கள் சேர்ந்து விடும் வெப்பம் ஏறத்தாழ 800 வாட். கோடை இரவில் அந்த வெக்கையை வெளியேற்ற இதைப் போலப் பல மடங்கு காற்று தேவைப்படும். சமுதாய பங்கருக்குப் பெரிய விசிறியும், மின்சாரம் போனால் கையால் சுற்றும் அமைப்பும் கட்டாயம் வேண்டும். சுவிஸ் பங்கர்களில் கைப்பிடி சுற்றிக் காற்றடிக்கும் கருவி வழக்கமான ஒன்று.

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் பணிபுரிந்த க்ரெஸன் கியர்னி, மரச்சட்டம், பிளாஸ்டிக் தாள், கயிறு ஆகியவற்றைக் கொண்டே பாதுகாப்பறைக்குக் காற்றிழுக்கும் கருவியை வடிவமைத்தார். நம் ஊர்க் கச்சேரிகளில் ஒரு காலத்தில் கயிறு கட்டி இழுத்த பங்காவை ஒத்திருந்ததால், முதலில் அதை ‘பங்கா பம்ப்’ என்றே அழைத்தார்கள். மின்சாரமே இல்லாத ஊரிலும் ஒரு தச்சர் செய்துவிடக்கூடிய கருவி அது.

காற்று விடும் நேரமும் முக்கியம். மழைக்கால மதியத்தில் பங்கரைத் திறந்து போட்டால் ஈரக்காற்று உள்ளே புகுந்து சுவரை வியர்க்க வைக்கும். வெளியே குளுமையும் வறட்சியும் இருக்கும் நேரம் பார்த்துத் திறப்பதே சரி. திறந்து வைத்தால் காயும் என்ற நினைப்பில் நடந்த தவறுகளால்தான் பல நிலவறைகள் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கின்றன.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. காஷ்மீரிலும் அதை ஒட்டிய மலைப் பகுதிகளிலும் குளிருக்குக் கரி நெருப்புச் சட்டி வைத்துக்கொள்வது வழக்கம். மூடிய பங்கருக்குள் அது உயிர்க்கொல்லி. நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு, தூங்குபவரை எழுப்பாமலே கொன்றுவிடும். ஜெனரேட்டரின் புகைக்குழல் காற்றுக் குழாயின் வாய்க்கு அருகில் இருந்தாலும் இதே கதிதான்.

உலகம் பட்ட பாடுகள்

1939-ல் பிரிட்டன் தன் மக்களுக்கு ‘ஆண்டர்சன்’ பதுங்கறைகளை லட்சக்கணக்கில் கொடுத்தது. வளைந்த இரும்புத் தகடுகளைத் தோட்டத்தில் நான்கு அடி ஆழத்தில் பதித்து மேலே மண் போட வேண்டும். குண்டுச் சிதறலுக்கு அது நன்றாகவே ஈடு கொடுத்தது. ஆனால், மழையில் நீர் தேங்கியது. குளிரில் படுக்க முடியவில்லை. 1940 நவம்பரில் லண்டனில் எடுத்த கணக்கெடுப்பில், பாதிக்கும் மேற்பட்டோர் இரவில் எந்தப் பதுங்கறைக்கும் போகவில்லை என்று தெரிந்தது. மறு ஆண்டே, வீட்டுக்குள் மேசைபோல் வைத்து அடியில் படுத்துக்கொள்ளும் ‘மாரிசன்’ இரும்புக் கூண்டுகளை அந்த அரசு கொடுக்கத் தொடங்கியது. மக்கள் போகாத பதுங்கறை எவ்வளவு உறுதியாக இருந்தும் பயனில்லை என்று அது புரிந்துகொண்டது.

சீனாவின் சோங்சிங் நகரம் இன்னும் கொடிய பாடம். 1941 ஜூன் 5 இரவு ஜப்பானிய விமானங்கள் மணிக்கணக்கில் குண்டு வீசின. ஒரு சுரங்கப் பதுங்கிடத்தில் கொள்ளளவை மீறி மக்கள் திரண்டிருந்தனர். காற்றோட்டம் செயல்படவில்லை, வாயிலில் நெரிசல். இறந்தவர்கள் சுமார் ஆயிரம் என்று ஒரு கணக்கும், அதைவிடப் பல மடங்கு என்று வேறு மதிப்பீடுகளும் உண்டு. அந்தச் சுரங்கத்தின் மேல் குண்டு துளைத்து அவர்கள் சாகவில்லை; மூச்சுத் திணறியும் மிதிபட்டும் இறந்தார்கள்.

லண்டனின் பெத்னல் கிரீன் சுரங்க ரயில் நிலையத்தில் 1943 மார்ச் 3 அன்று 173 பேர் படிக்கட்டில் நசுங்கி இறந்தனர். அன்று அங்கே ஒரு குண்டுகூட விழவில்லை. இருட்டு, ஈரப் படி, நடுவில் பிடிமானக் கம்பி இன்மை இவையே போதுமானதாக இருந்தன.

தமிழர்களுக்கு இந்தப் பாடம் புத்தகத்தில் படித்தது அல்ல. ஈழப் போரின் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் வீட்டு வளவுகளில் பங்கர் வெட்டினார்கள். பனங்குற்றிகளை மேலே அடுக்கி, மண்மூட்டைகளால் மூடினார்கள். கார்த்திகை, மார்கழி மழையில் குழிகள் நிரம்பின. பாம்புக்கடிக்கு ஆளானவர்களும் உண்டு. 2009-ல் முள்ளிவாய்க்கால் கடற்கரையில் சேலைகளைக் கிழித்துத் தைத்து மணல்மூட்டை செய்தார்கள். கொஞ்சம் தோண்டினாலே நீர் ஊறும், சரியும் மணல் அது. ஆழமாகத் தோண்ட முடியாத இடத்தில் மண்மேட்டை உயர்த்தித்தான் மறைவு தேட வேண்டும் என்பதை அந்த மக்கள் எந்தப் பொறியாளரும் சொல்லாமலே அறிந்திருந்தார்கள்.

அன்றாடம் புழங்கினால் பாழாகாது

பராமரிப்பு என்பது ஆணை போட்டு நடப்பதில்லை, புழக்கத்தால் நடக்கிறது. பின்லாந்தில் சுமார் 50,500 பாதுகாப்பறைகள் உள்ளன. 48 லட்சம் பேருக்கு இடம். அவற்றில் பல அன்றாடம் விளையாட்டுக் கூடமாகவும் வாகன நிறுத்துமிடமாகவும் இயங்குகின்றன. ஹெல்சிங்கியின் இட்டாகெஸ்குஸ் நீச்சல் குளம் பாறைக்குள் குடைந்த பாதுகாப்பிடம்தான். ஆபத்து என்றால் 72 மணி நேரத்துக்குள் அவற்றைத் தயார்செய்ய வேண்டும் என்பது விதி.

உக்ரைனின் ஹார்கிவ் நகரம் முதலில் சுரங்க ரயில் நிலையங்களில் வகுப்பறைகளை அமைத்தது. 2024-ல் முழுக்கத் தரைக்கு அடியிலேயே ஒரு பள்ளிக்கூடத்தைக் கட்டித் திறந்தது. குழந்தைகள் தினமும் பல மணி நேரம் இருக்கும் இடம் என்பதால், காற்றும் வெளிச்சமும் கழிப்பறையும் அங்கே தள்ளிப்போட முடியாத தேவைகளாகிவிட்டன.

நம் மாநிலக் கடலோரத்தில் உள்ள பல்நோக்குப் புயல் பாதுகாப்பு மையங்களிலும் இதே பாடம் இருக்கிறது. பள்ளியாகவோ சமுதாயக் கூடமாகவோ பயன்படும் மையத்தில் குழாய் உடைந்தால் மறுநாளே யாராவது கேட்பார்கள். பூட்டியே கிடக்கும் மையத்தின் சாவி யாரிடம் என்று புயல் வரும் அன்றுதான் தேடுவார்கள்.

எல்லை நமக்குத் தொலைவு என்று ஒதுங்கிவிடவும் முடியாது. 2025 மே மாதம் நாடு முழுவதும் நடந்த குடிமைப் பாதுகாப்பு ஒத்திகையில் சென்னையும் கல்பாக்கமும் இடம்பெற்றன. நம் நகரங்களில் அவசரத்துக்கு ஒதுங்கக் கிடைக்கும் நிலவறைகள் பெரும்பாலும் அடுக்குமாடி வாகன நிறுத்தங்களே. 2024 ஜூலை 27 அன்று டெல்லி ராஜிந்தர் நகரில், நிலவறை நூலகத்தில் வெள்ளம் புகுந்து மூன்று மாணவர்கள் இறந்ததை மறக்க முடியாது. நீர் வெளியேறவும் ஆள் வெளியேறவும் வழியில்லாத நிலவறை, போர் வராமலே கொல்லும்.

என்ன செய்யலாம்?

புதிய பங்கர்களுக்கான வரைபடங்கள் கையெழுத்தாகும் முன்பே சில முடிவுகளை எடுக்க முடியும். இவற்றில் எதுவும் எட்டாத செலவு இல்லை. கட்டும்போதே செய்தால் சிறு தொகை, கட்டிய பின் சுவரைத் தோண்டிச் செய்தால் பெரும் தொகை.

1. ஊருக்கேற்ற வடிவம். ஒரே வரைபடத்தை ஐந்து மாவட்டங்களுக்கும் பொருத்த வேண்டாம். மழை முடிந்ததும் ஊர்க் கிணறுகளில் நீர்மட்டத்தை அளந்து முடிவெடுக்கலாம். நீர்மட்டம் மேலே உள்ள சமவெளிக்குப் பாதி மட்டும் புதைத்து, சுற்றிலும் மண்மேடு எழுப்பிய பங்கர் பொருந்தும். அதுவும் இயலாத இடத்தில், இஸ்ரேல் 1990-கள் முதல் புதிய வீடுகளில் கட்டாயமாக்கியிருப்பதைப் போல, வீட்டோடு சேர்ந்த உறுதியான காங்கிரீட் அறை கட்டலாம். மலைச்சரிவில் மேலிருந்து வரும் ஓடைநீரைத் திருப்பிவிடும் கால்வாய் முதலில் வேண்டும்.

2. ஒரு மழைக்காலத் தேர்வு. ஒப்பந்தத் தொகையில் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, ஒரு முழு மழைக்காலம் கடந்தும் தரை உலர்ந்திருந்தால் மட்டும் விடுவிக்க வேண்டும். பார்த்துச் சான்று தருவோரில் அந்த பங்கரைப் பயன்படுத்தப்போகும் குடும்பத்தவரும் இருக்க வேண்டும்.

3. மூச்சுத் தேர்வு. ஒப்படைக்கும் முன், முழு எண்ணிக்கையில் ஆட்கள் நான்கு மணி நேரம் உள்ளே இருந்து பார்க்க வேண்டும். கரியமில வாயுவை அளக்கும் கருவி சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. விசிறியை நிறுத்தி ஒருமுறை, ஓடவிட்டு ஒருமுறை அளந்து, மூடிய நிலையில் எத்தனை பேர் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று கதவருகே பெரிய எழுத்தில் எழுதிவைக்க வேண்டும்.

4. வளைந்த வாசலும் இரண்டாவது வழியும். நுழைவாயில் ஒரு திருப்பத்துடன் இருந்தால் சிதறல் நேராக உள்ளே வராது. முதல் வாசல் இடிந்து அடைபட்டால் வெளியேற எதிர்ப்பக்கத்தில் இன்னொரு வழி கட்டாயம். படிகளில் இருபுறமும் பிடிமானக் கம்பி, சமுதாய பங்கரில் சாய்தளம், இருட்டில் ஒளிரும் வண்ணக்கோடு ஆகியவை முதியவர்களையும் மாற்றுத்திறனாளிகளையும் நெரிசலையும் மனத்தில் வைத்துச் சேர்க்கப்பட வேண்டும்.

5. கழிப்பறையும் மறைவும். இரவு முழுக்க நாற்பது பேர் இருக்கும் இடத்தில் கழிப்பறை இல்லையென்றால், முதலில் வெளியேறுவோர் பெண்களும் குழந்தைகளுமே. தண்ணீர் தேவைப்படாத, சாம்பலோ சுண்ணாம்போ தூவும் உலர் கழிப்பறை ஒரு மூலையில், தனிக் காற்றுக் குழாயுடன் இருந்தால் போதும்.

6. பராமரிப்புக்குப் பெயரும் பணமும். பஞ்சாயத்துக்கு ஆண்டுதோறும் தனி நிதி வேண்டும். மழைக்கு முன் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை பம்பு, விசிறி, மின்கலம், வலை, கதவு எல்லாவற்றையும் சோதிக்க வேண்டும். பொறுப்பாளர் யார், சாவி யாரிடம் என்பது ஊரறியத் தெரிய வேண்டும். உள்ளூர் மகளிர் குழுக்களிடம் இந்தப் பணியை ஊதியத்துடன் கொடுக்கலாம்.

7. அன்றாடப் புழக்கம். சமுதாய பங்கர்களை மாலைநேரப் படிப்பகமாகவோ தையல் பயிற்சிக் கூடமாகவோ இயக்கலாம். கிடங்காக மட்டும் மாற விடக்கூடாது. சாமான் அடைந்த பங்கரில் ஆளுக்கு இடமிருக்காது.

8. நகரங்களையும் சேர்த்தல். எல்லைக்கோட்டை ஒட்டிய கிராமங்களோடு திட்டம் நின்றுவிடக் கூடாது. பீரங்கியின் எட்டுதூரத்தில் இருக்கும் பூஞ்ச் போன்ற நகரங்களின் பள்ளிகள், மருத்துவமனைகள், வழிபாட்டிடங்கள் ஆகியவற்றுக்கும் பொதுப் பங்கர்கள் தேவை.

9. பழக்கமும் பயிற்சியும். ஆண்டுக்கு இருமுறை ஒத்திகை. அதில் ஒன்று இரவில். கரிச்சட்டி, அடுப்பு, புகைபிடித்தல் உள்ளே கூடாது என்பதைக் குழந்தைகள்கூடச் சொல்லும் அளவுக்குப் பழக்க வேண்டும்.

எந்த பங்கரும் முழு உத்தரவாதம் இல்லை. 1991 பிப்ரவரியில் பாக்தாதின் அமிரியா பதுங்கிடத்தை அமெரிக்க விமானக் குண்டுகள் துளைத்தபோது நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எல்லை மக்களுக்கு மிகப் பெரிய பாதுகாப்பு, துப்பாக்கிகள் ஓய்ந்திருப்பதே. அதுவரை அவர்களுக்குத் தரும் பங்கராவது சொன்னபடி பயன்பட வேண்டும்.

கட்டி முடித்த பங்கர்களின் எண்ணிக்கையை அரசு அவ்வப்போது அறிவிக்கிறது. இனி அதோடு இன்னொரு எண்ணையும் ஆண்டுதோறும் அக்டோபரில், ஊர்வாரியாக வெளியிட வேண்டும்: மழைக்காலம் முடிந்த பின் திறந்து பார்த்தபோது, தரை உலர்ந்து, விளக்கு எரிந்து, விசிறி சுழன்ற பங்கர்கள் எத்தனை? நாடாளுமன்றத்திலும் ஜம்மு காஷ்மீர் சட்டமன்றத்திலும் உறுப்பினர்கள் கேட்க வேண்டியது இந்த எண்ணைத்தான். அடுத்த தவணைப் பணத்தை ஒதுக்குவதும் இதன் அடிப்படையிலேயே நடக்க வேண்டும்.